கறள் பிடித்த பழைய கார்: திருத்துவதா, தள்ளிவிடுவதா? திருமலைக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

ரிங்கர் பாஸ் (கார்த் தகட்டு வேலை செய்பவர்) காரின் அடியிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு “நாலரை இலட்சம் வரும் அண்ணை” என்று சொன்னதும் நம் வாயில் வருவது ஒரே கேள்விதான்: இந்தக் காருக்கு இவ்வளவு செலவழிக்கலாமா? கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் இரண்டாவதாக. கறள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கதவின் கீழ் விளிம்பு உக்கியிருந்தால் அது வெறும் விலை பேசும் விஷயம். முன் சஸ்பென்ஷன் பூட்டியிருக்கும் தகடு உக்கியிருந்தால், ஒன்றரை இலட்சத்துக்கே செய்து தருகிறேன் என்றாலும் இருந்து யோசிக்க வேண்டும்.

எஞ்சின் செலவுக்கு ஒரு முடிவு உண்டு. ரிங் மாற்றினால், ஹெட் வேலை செய்தால், சரியில்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இன்னொரு எஞ்சினை இறக்கினால், அந்தக் கதை முடிந்தது. கறள் அப்படி முடிவதில்லை. இன்று வெட்டி ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த மாரிக்கு இன்னொன்று கிளம்பும். ஆகவே உடம்பை முதலில் பாருங்கள், எஞ்சினைப் பிறகு பார்க்கலாம். ஊரில் பலர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். கிளட்ச் மாற்றி, புது ரயர் போட்டு, ஏசிக்கு காஸ் அடித்து, எல்லாம் முடிந்த பிறகு லிஃப்டில் ஏற்றினால் அடித்தகடு கையோடு வருகிறது.

திருமலையில் கார் ஏன் சீக்கிரம் உக்குகிறது

இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் கறள். அதில் உப்பும் சேர்ந்தால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; கறள் பிடிப்பதே ஒரு மின்வேதியியல் வேலை என்பதால் அது பல மடங்கு வேகமெடுக்கும். சாதாரண உப்புக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், மழையே இல்லாவிட்டாலும் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மாரி இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது இங்கே சாதாரணம். அதனால் தகட்டின் மடிப்புக்குள் ஒருமுறை உப்பு ஏறிவிட்டால், நீங்கள் காரை எடுக்காமல் வீட்டிலேயே வைத்திருந்தாலும் அந்த இடம் நனைந்துகொண்டே இருக்கும்.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்து, உப்புத் தூறல் காற்றோடு கரைக்கு வரும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்தபடி திறந்த வெளியில் நிற்கும் காரும், பாலையூற்று, ஆண்டாங்குளம் பக்கம் கூரைக்குள் நிற்கும் காரும் ஒரே வருடத்தில் பதிந்தவை என்றாலும் அடியில் பார்த்தால் வேறு வேறு வயது. கச்சான் காற்று வீசும் காலத்தில் அது தரையிலிருந்து கடலுக்குப் போவதால் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

காற்றை மட்டும் குறை சொல்லவும் முடியாது. டிக்கியில் மீன் பெட்டி ஏற்றிய காரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஐஸ் உருகி உப்போடு சேர்ந்து டிக்கியின் விரிப்புக்குக் கீழே, ஸ்பேர் சில்லு கிடக்கும் குழியில் போய்த் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், குழிக்குள் விரல் போகும் ஓட்டை. வயதான வாகனமாக இருந்தால் அதன் பழைய கதையையும் விசாரியுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை பாதையில் (வாகனம் ஏற்றும் மிதவைப் படகில்) ஏறி இறங்கிய வாகனங்கள் எத்தனையோ. அப்படி வருடக்கணக்கில் உப்புத் தண்ணீரின் மேல் போய்வந்த கார் என்றால், அடியை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

படி 1: நீங்களே ஒருமுறை பாருங்கள்

பாஸை நம்பக் கூடாது என்று சொல்லவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவரும் வேறு மாதிரிப் பேசுவார்.

ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில் அடியை மட்டும் நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். அடுத்த நாள் காய்ந்த பிறகு லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். ஈரத்தில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். கையில் ஒரு டோர்ச், ஒரு பழைய ஸ்குரூ டிரைவர், துணியில் சுற்றிய சிறு காந்தம், ஒரு போன் போதும். பார்க்கிற எல்லாவற்றையும் படம் எடுங்கள். பிறகு விலை பேசும்போது அதுதான் துணை.

கதவுகளுக்குக் கீழே, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில் ஓடும் பெட்டிப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஸ்குரூ டிரைவரின் பிடியால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று சொல்லும். உக்கிய இடத்தில் சத்தம் செத்துப்போய் ‘தொப்’ என்று கேட்கும். சில இடங்களில் உள்ளே கறள்தூள் சரசரவென்று உதிர்வதும் கேட்கும். அந்த இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். பலம் எல்லாம் வேண்டாம், பேனையால் எழுதும்போது அழுத்துகிற அளவைவிடச் சற்று கூட. முனை உள்ளே இறங்கினால் அங்கே தகடு இல்லை, பெயின்டும் கறளும் மட்டும்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. இந்தப் பெட்டி உள்ளிருந்து வெளியேதான் உக்கும். அதன் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சிறு துளைகள் மண்ணாலோ, யாரோ அடித்த தார்ப்பூச்சாலோ அடைபட்டிருந்தால், உள்ளே தண்ணீர் குடியிருந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரும்பு கறளாக மாறும்போது குறைந்தது இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். பெயின்ட் கொப்புளமாக எழும்புவது அதனால்தான். வெளியே ஐந்து சத நாணயம் அளவில் ஒரு கொப்புளம் தெரிந்தால், அதைச் சுரண்டும்போது உள்ளங்கை அளவுக்கு விரிவது வழமை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பின்வரும் இடங்களையும் பாருங்கள்.

பொனற்றைத் திறந்து, இரு பக்கமும் ஷொக் அப்சோபரின் மேல்தலை பூட்டியிருக்கும் தகடு. நட்டுகளைச் சுற்றி வெடிப்பு, ஏடு ஏடாகக் கழன்ற கறள், ஒரு பக்கம் மட்டும் மேலெழும்பிய தோற்றம் இருக்கிறதா? எஞ்சினைத் தாங்கி நீளவாட்டில் ஓடும் இரண்டு சட்டங்கள், கீழ்க்கை பூட்டிய இடங்கள், ஸ்டீயரிங் ரக் பூட்டிய இடம். பின்பக்கம் அக்ஸிலின் கைகள் உடம்போடு சேரும் இடம். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. பற்றரி வைக்கும் தட்டும் அதன் கீழும்: பற்றரியின் அசிட் பட்டு அந்த மூலை தனியாக உக்கும்.

உள்ளே வந்து, சாரதி காலடியில் விரிப்பைத் தூக்கிக் கையை வையுங்கள். ஈரமாக இருந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்: கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர், அல்லது ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைபட்டு உள்ளே வடிகிறது. சீற் பூட்டிய போல்ட்டுகளையும் சீற் பெல்ட் பூட்டிய இடங்களையும் தொட்டுப் பாருங்கள். பெல்ட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அது தொங்குவது அந்தத் தகட்டில்தான்.

காந்தம் எதற்கு? சில்லு வளைவுகளிலும் கதவின் கீழ்ப்பகுதியிலும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகட்டுக்குப் பதில் பட்டியோ ஃபைபரோ இருக்கிறது. முன்பு யாரோ செய்த வேலை. இப்போது பில் உங்களுக்கு.

கடைசியாக பிறேக் குழாய்களும் பெற்றோல் குழாய்களும். இரும்புக் குழாயில் மேலோட்டமான பழுப்பு நிறம் பரவாயில்லை. குழி விழுந்து, விரலால் தடவும்போது சொரசொரவென்று செதில் கழன்றால் மாற்றியே ஆக வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால் இது பெரிய செலவில்லை. இதற்காக யாரும் காரை விற்க வேண்டியதில்லை. ஆனால் இதைச் செய்யாமல் ஓட்டவும் கூடாது.

படி 2: மூன்று வகையாகப் பிரியுங்கள்

தோல், சதை, எலும்பு என்று வைத்துக்கொள்வோம்.

தோல் என்றால் பெயின்டும் மேல்கறளும். தகட்டின் கனம் குறையவில்லை. தேய்த்து, கறள் மாற்றி (ரஸ்ட் கன்வேர்ட்டர்) பூசி, பிறைமர் அடித்தால் சரி. இதைச் செய்யலாமா என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. சும்மா விட்டால் இரண்டு மாரியில் அடுத்த வகைக்குப் போய்விடும்.

சதை என்றால் கழற்றி மாற்றக்கூடிய, அல்லது பாரத்தைத் தாங்காத தகடுகள்: மட்கார்ட், கதவு, பொனற், டிக்கி மூடி, டிக்கிக் குழி. பார்க்க அசிங்கமாக இருக்கும், காசும் போகும், ஆனால் கார் உடைந்து விழாது. மட்கார்ட், கதவு, பொனற் எல்லாம் உக்கியிருந்தால் வெட்டி ஒட்டுவதைவிடப் பாவித்த நல்லதொன்றை வாங்கிப் பூட்டுவதே பெரும்பாலும் மலிவு. சாமான் ஏற்றும் லொறிகளிலும் பஸ்களிலும் கொழும்பிலிருந்து வந்துவிடும்.

எலும்பு என்பதுதான் விஷயம். நிசான் சனி, கொரோலா, லான்சர், மாருதி என்று நம் ஊரில் ஓடும் கார்களுக்குத் தனியாக சேசிஸ் இல்லை, உடம்பேதான் சேசிஸ். வெளித்தகடு ஒரு மில்லிமீற்றரைவிடவும் மெல்லியது. பல தகடுகளை மடித்துப் பெட்டியாக்கி ஒட்டியதால் வருகிற பலம்தான் காரின் பலம். கதவடிப் பெட்டி, முன் சட்டங்கள், ஷொக் தலை, பின் கைகள் பூட்டிய இடம், சீற் பெல்ட் இடம் ஆகியவை எலும்பு. ஜீப், பிக்அப் போன்றவற்றுக்குத் தனிச் சட்டம் இருப்பதால் கணக்கு வேறு. அங்கே உடம்பு உக்கினாலும் சட்டம் நல்லதாக இருந்தால் ஆள் பிழைத்துக்கொள்ளும்.

கதவடிப் பெட்டி ஒரு பக்கம், ஒரு முழ நீளத்துக்கு உக்கியிருந்தால் நல்ல ரிங்கர் அதைச் சரியாகக் கட்டிவிடுவார். இரண்டு பக்கமும் பெட்டி போய், அதோடு காலடித் தகடும் போய், ஷொக் தலையிலும் வெடிப்பு இருந்தால் என் தீர்ப்பு ஒன்றுதான்: விட்டுவிடுங்கள். அது எவ்வளவு ராசியான கார் என்றாலும், அப்பா வாங்கியது என்றாலும். அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கந்தளாய் ஹபரணை வீதியில் எண்பதில் போகக் கூடாது.

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் கேட்பார்கள். அடித்தகட்டை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. புகை பாஸ் ஆகிவிட்டது என்பதால் கார் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

படி 3: எழுத்தில் ஒரு மதிப்பீடு

குறைந்தது இரண்டு இடத்தில் காட்டுங்கள். ஒருவர் ஜமாலியாவில் வேலை செய்கிற நானாவாக இருக்கட்டும், மற்றவர் கந்தளாய்ப் பக்க பாஸாக இருக்கட்டும். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருந்தால் நல்லது. “மொத்தமாக எவ்வளவு?” என்று கேட்காதீர்கள். இடம் இடமாகக் கேளுங்கள்: இடது பெட்டிக்கு எவ்வளவு, காலடித் தகட்டுக்கு எவ்வளவு, பெயின்டுக்கு எவ்வளவு, சாமான் யார் வாங்குவது.

கூலி நாட்கணக்கா, கொந்தராத்தா என்பதையும் முதலே பேசுங்கள். நாட்கூலி என்றால் வேலை இழுபடும். கொந்தராத்து என்றால் அவசரத்தில் மூடிவிடுவார்கள். எலும்பு வேலைக்கு நாட்கூலியும் பெயின்டுக்குக் கொந்தராத்தும் பேசுவது எனக்குச் சரியாகப் படுகிறது. எப்படிப் பேசினாலும், மூடுவதற்கு முன் நீங்கள் வந்து பார்ப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் காரை விட வேண்டாம்.

வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதும் மதிப்பீட்டின் பகுதி. உக்கிய தகட்டை நல்ல தகடு தெரியும் வரை வெட்டி எடுக்க வேண்டும். பழைய கறளின் மேல் புதுத் தகட்டை வைத்து ஒட்டினால் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தேங்கும். ஒரு வருடத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். மெல்லிய தகட்டுக்கு சிஓடூ வெல்டிங் நல்லது. காஸ் வெல்டிங்கின் சூடு அகலமாகப் பரவித் தகட்டை நெளிக்கும், சுற்றியுள்ள பூச்சையும் எரிக்கும். பற்றரியைக் கழற்றாமல் வெல்டிங் பிடிக்க விடாதீர்கள். கம்ப்யூட்டர் உள்ள கார் என்றால் அதற்கும் சேர்த்துச் செலவு வரும். தாங்கிக்குப் பக்கத்தில் வேலை என்றால் பெற்றோல் தாங்கி இறங்கியிருக்க வேண்டும், பேச்சே இல்லை.

மிக முக்கியமான ஒன்று: சேசிஸ் நம்பர். பல ஜப்பான் கார்களில் எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள சுவரில் அது அடிக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தைக் கறள் தின்றிருந்தாலோ, பாஸ் தெரியாமல் வெட்டிவிட்டாலோ, பதிவுப் புத்தகத்தில் உள்ள கார் இதுதான் என்று நிரூபிக்க முடியாமல் அலைய வேண்டி வரும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தைக் கேட்காமல் அங்கே கைவைக்கக் கூடாது. வேலைக்கு முன் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். எஞ்சின் மாற்றுவதாக இருந்தாலும் அதன் நம்பரைப் புத்தகத்தில் மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கிடைத்த தொகையோடு மறைவுச் செலவையும் கூட்டுங்கள். தோலும் சதையும் என்றால் ரிங்கர் வேலைக்கு 30 சதவீதம். எலும்பு என்றால் 50. இது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. வெட்டத் தொடங்கினால் கறள் எப்போதும் கண்ணுக்குத் தெரிந்ததைவிடக் கூடத்தான் இருக்கும். காலத்துக்கும் அப்படித்தான். இரண்டு கிழமை என்றால் ஒன்றரை மாதம் என்று எழுதுங்கள். அத்தனை நாளும் வான் பிடித்துப் போகும் கூலியும் செலவில் சேரும்.

படி 4: கணக்கு

திருத்தும் செலவு காரின் பெறுமதியில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடு என்று ஒரு விதி புழங்குகிறது. பழைய கார் மலிவாகவும் புதுக் கார் எட்டும் தூரத்திலும் இருக்கிற நாடுகளில் அது சரி. இங்கே அதை அப்படியே எடுத்தால் பிழையாகிவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது, அதுவும் கடுமையான வரியோடு. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்கள் விலை ஏறியதைத்தான் பார்த்தோம். உங்கள் காரை விற்ற காசுக்கு வாங்கக் கிடைப்பதும் அதே வயதுக் கார்தான்: இன்னொருவர் வளர்த்த கறள்.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். திருத்தாமல் இன்று விற்றால் என்ன விலை? திருத்திய பிறகு என்ன விலை? வித்தியாசத்தைச் செலவிலிருந்து கழியுங்கள். மீதியை, இந்தத் திருத்தம் எத்தனை வருடம் தாங்கும் என்பதால் வகுங்கள். ரியசெவன, இக்மன் தளங்களில் இதே மாடல், இதே வருடத்துக்குக் கேட்கும் விலைகளைப் பாருங்கள். கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு என்பதால் கொஞ்சம் குறைத்தே எடுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு சனி என்று வைப்போம். தொகைகள் கணக்கு விளங்குவதற்கு மட்டும்.

கறள் சதையோடு நிற்கிறது. இப்போது 14 இலட்சம், திருத்தினால் 19. ரிங்கர், பெயின்ட் 4 இலட்சம். மறைவுச் செலவு 1.2, மெக்கானிக் வேலை 1. மொத்தம் 6.2 இலட்சம். விலை கூடுவது 5. உண்மையில் கையை விட்டுப் போவது 1.2 இலட்சம். நாலு வருடம் தாங்கினால் வருடத்துக்கு 30,000 ரூபா. திருத்துங்கள்.

அதே சனி, ஆனால் ஷொக் தலையும் இரு பெட்டியும் போய்விட்டன. வேலை 8 இலட்சம், மறைவுச் செலவோடு 12. திருத்திய காரை விவரம் தெரிந்தவர் வாங்க வந்தால் அடியில் வெல்டிங்கைப் பார்த்ததும் விலையைக் குறைப்பார், ஆகவே 17தான் கிடைக்கும். விலை கூடுவது 3. கையை விட்டுப் போவது 9 இலட்சம். இரண்டு வருடத்தில் பக்கத்து இடம் கிளம்பும் என்றால் வருடத்துக்கு 4.5 இலட்சம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நடுவில் விழும் கார்கள்தான் தலைவலி. அப்போது மூன்றாவது பாதையையும் கணக்கில் எடுங்கள்: 14க்கு விற்று, 6 இலட்சம் கூட்டி, 20க்கு வேறொன்று வாங்குவது. பெயர் மாற்றம், புதிதாக வந்த காரின் முதல் சேர்விஸ், அதில் ஒளிந்திருக்கும் குறைகள் என்று இன்னும் ஒன்று, ஒன்றரை இலட்சம் போகும். உங்கள் காரின் குறை உங்களுக்குத் தெரியும், வருகிற காரின் குறை தெரியாது. அதற்கும் ஒரு விலை இருக்கிறது. கடலோரம் வளராத, குருநாகல், அநுராதபுரப் பக்கத்துக் கார் கிடைத்தால் நல்லது. ஆனால் மலிவாக வந்தால் வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் எத்தனையோ வாகனங்களை மூழ்கடித்தது. சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும்.

கடன் வாங்கித் திருத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். லீசிங் எடுத்து வேறு கார் வாங்கினாலாவது கையில் வேறு கார் இருக்கும்.

படி 5: எஞ்சினும் மற்றவையும்

எலும்பு நல்லது என்று தெரிந்த பிறகுதான் இது. சிலிண்டர்களின் அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். நாலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் நிம்மதி. கியர், கிளட்ச், ரேடியேற்றர், ஸ்டீயரிங் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு, ஆறு மாதத்துக்குள் கட்டாயம் செய்ய வேண்டியது எது, காத்திருக்கக்கூடியது எது என்று பிரியுங்கள். கொழும்புக்கு ஒரு முறை போவதே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஹபரணைக்கு இங்கால் யானை கடக்கும் வீதியில் இரவு எட்டு மணிக்கு ரேடியேற்றர் வெடிப்பதைக் கற்பனை செய்தால், எதை முதலில் செய்வது என்று பட்டியல் தானாகவே வரிசைக்கு வரும்.

திருத்துவது என்று முடிவெடுத்தால்

மாரியில் ரிங்கர் வேலை தொடங்காதீர்கள். வெறும் தகட்டில் ஒரே இரவில் செம்பழுப்புப் படிந்துவிடும், அதன் மேல்தான் பிறைமர் அடிப்பார்கள். மார்ச் முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். அப்போதும் வெட்டிய இடங்களுக்கு அன்றைக்கே பிறைமர் போட வேண்டும். சும்மா சிவப்பு ஒக்சைட்டைவிட எபொக்சி பிறைமர் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். பெட்டிகளின் உள்ளே, துளை வழியாக, நீளக் குழாய் வைத்து மெழுகுப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். வெளியே பளபளக்கும் பெயின்டைவிட இந்த உள்பூச்சுதான் உங்கள் நாலு வருடத்தைக் காப்பாற்றும். பெயின்டில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாவது இதைச் செய்யுங்கள்.

கழிவு ஒயில் அடிக்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. இரும்புக்கு ஓரளவு பாதுகாப்புத்தான், ஆனால் ரப்பர் புஷ்களையும் பிறேக் ஹோஸையும் ஊறவைத்துக் கெடுக்கும், மண்ணைப் பிடித்து அடியில் சேறாக்கும், அடுத்த முறை வெல்டிங் பிடிக்கும்போது தீப்பிடிக்கும். கறளின் மேல் தார்ப்பூச்சு அடிப்பது அதைவிட மோசம். வெளியே அழகு, உள்ளே தண்ணீர் போக வழியில்லாமல் தின்னும்.

பிறகு பராமரிப்பு. கடற்கரை மணலில் ஏற்றினால், மழையில் கடலோர வீதியால் வந்தால், அடியைக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீரால். கடலோரக் கிணறுகளில் பல சவர். அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிறீர்கள். வடிகால் துளைகளை மாரிக்கு முன் ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். மாரியில் இறுக்கமான பிளாஸ்டிக் உறை போட்டு மூட வேண்டாம். காற்றோட்டமுள்ள கூரை போதும்.

விடுவது என்று முடிவெடுத்தால்

மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்து விற்கச் சொல்லி யாராவது ஐடியா தருவார்கள். செய்யாதீர்கள். ஊர் சின்னது, அந்தக் காரில் போகப்போவதும் ஒரு குடும்பம்தான். அடியைக் காட்டி, இருக்கிற நிலையில் விலை சொல்லுங்கள். எஞ்சினும் கியரும் நல்லதாக இருந்தால் இதே மாடல் வைத்திருப்பவர் சாமானுக்காக வாங்குவார். பல நேரம் முழுக் காராகக் கேட்ட விலைக்குக் கிட்டத்தட்ட அதே தொகை வரும். புது ரயர், நல்ல பற்றரி, ரேடியோ செட் இருந்தால் தனியாகக் கழற்றி விற்கலாம்.

லீசிங் பாக்கி இருந்தால் முதலில் அதை முடித்து, புத்தகத்தில் உரிமை விடுவிப்பை எடுங்கள். வாங்குபவர் பெயர் எழுதாத திறந்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பெயர் மாறும் வரை அந்தக் கார் எங்கே மோதினாலும், எங்கே பிடிபட்டாலும் பொலிஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவை. வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதி, கொடுத்த திகதி, நேரம், இரு சாட்சிகளின் கையெழுத்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, பெயர் மாற்றப் படிவத்தின் பிரதியோடு வீட்டில் வையுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு அன்றைக்கே அறிவித்துவிடுங்கள்.